ஜன்னல் வைத்த வீடு

ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களுக்குத் தெரியும்: குறை சொன்னால், "பிடிக்காவிட்டால் காலி செய்யுங்கள்" என்பதுதான் வீட்டுக்காரரின் பதில்.

நியூயார்க் நகரத்தில் 1867-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அடுக்கு வீடுகளில் 20 பேருக்கு ஒரு கக்கூஸாவது இருக்க வேண்டுமாம்! அதற்கு முந்திய நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1879-ல், புதிய வீடுகளில் அறைதோறும் ஜன்னல் வேண்டும் என்றார்கள். கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். கட்டடங்களுக்கு நடுவே கிணறுபோல் ஓர் ஒடுங்கிய சந்து விட்டு, அதைப் பார்க்க ஜன்னல் வைத்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் அதில் குப்பையைக் கொட்டினார்கள். காற்றுக்குப் பதில் நாற்றம் வந்தது. தீப்பிடித்தால் சந்தே புகைபோக்கியாயிற்று.

1901-ம் வருஷச் சட்டம் புதுக் கட்டடங்களில் விசாலமான முற்றமும் வீட்டுக்கொரு கக்கூஸும் கேட்டது. பழைய கட்டடங்களின் கொல்லைக் கக்கூஸ்களையும் மாற்றச் சொன்னது. வீட்டுக்காரி ஒருத்தி சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடி 1906-ல் தோற்றாள்.

அந்தச் சட்டத்தோடு, வீடுகளைச் சோதனையிட ஒரு தனி இலாகாவும் பிறந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஜன்னல் வைக்கும்படி உத்தரவு போடுவது சுலபம். அதில் காற்று வருகிறதா என்று மாடியேறி வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டாமா?