ஒன்று, ஐந்து, ஒன்பது

முன்பெல்லாம் சிங்கப்பூரின் பழைய வீவக புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. பன்னிரண்டு மாடிக் கட்டடமென்றால் பெரும்பாலும் 1, 5, 9 என்று மூன்றே பொத்தான்கள். ஏழாம் மாடிக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறலாம், இல்லை ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே நடக்கலாம். அரிசி மூட்டையோடு வருபவர் ஒன்பதைத்தான் அழுத்துவார். என் பிழைப்பே மின்தூக்கி பழுதுபார்ப்பது என்பதால் இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று யாரும் அப்படிக் கட்டவில்லை. அப்போது கையில் காசும் இல்லை, அவகாசமும் இல்லை.

வீவக என்கிற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் பிறந்தது. மறுவருடம் மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு கட்டிய வேகம் சொல்லி முடியாது. 1965க்குள் 50,000 வீடுகளுக்கு மேல் எழுந்துவிட்டன. நீளநீளமான புளோக்குகள். முன்பக்கம் பொதுத் தாழ்வாரம், பின்பக்கம் சமையலறை, இரண்டு பக்கமும் லூவர் ஜன்னல். தாழ்வாரத்தின் மேல்தளமே முன்சுவருக்கு நிழல். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் மேற்கு வெயில்தான் எதிரி. ஆகவே முடிந்த இடங்களில் புளோக்கை வடக்கு, தெற்கு பார்த்து நிறுத்தினார்கள். கதவைத் திறந்து வைத்தால் காற்று முன்னால் நுழைந்து சமையலறை வழியாக வெளியே போய்விடும். கூடத்துக்கு ஒரு மின்விசிறி, குழல்விளக்கு ஒன்றிரண்டு. இன்றைக்கு ஆலோசகர்களைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லும் காரியத்தை அன்றைக்கு வறுமையே செய்துகொடுத்தது.

பிறகு ஏர்கான் வந்தது. பிரதமரானதும் முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் ஏர்கான் போட்டதாக லீ குவான் இயூ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் குளிரை ருசித்தவர்கள் வீட்டிலும் கேட்டார்கள், அதில் தப்பில்லை. ஆனால் லூவர் ஜன்னல் குளிரைப் பிடித்து வைக்காது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே கசியும். கழற்றி எறிந்துவிட்டு அலுமினியச் சட்டத்தில் இழுவை ஜன்னல் போட்டோம்.

1990இல் தொடங்கிய பெரிய மேம்பாட்டுத் திட்டத்தில் பல புளோக்குகளின் பின்பக்கம் ஒரு கூடுதல் அறையை ஒட்டவைத்தார்கள். சிறிய வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு அது வரம். எனக்குத் தெரிந்த வீடுகளில் சமையலறை ஜன்னல் அந்த அறைக்குள்தான் திறந்தது. குறுக்கே ஓடிய காற்று அங்கேயே நின்றுபோயிற்று. 2007இல் வந்த இல்ல மேம்பாட்டுத் திட்டம், குடிமக்களுக்குச் செலவே இல்லாமல், வீட்டின் மின்சுமையையும் உயர்த்திக் கொடுத்தது. பழைய 30 ஆம்பியர் மெயின் சுவிட்ச் இரண்டு ஏர்கானையும் தண்ணீர் சூடேற்றியையும் சேர்ந்தாற்போல் தாங்காது. சீரமைப்பு என்றாலே அந்தக் காலத்தில் இன்னும் அதிக மின்சாரம் என்றுதான் பொருள்.

என் தொழிலுக்கு நல்ல காலம் 2001இல் மின்தூக்கி மேம்பாட்டோடு பிறந்தது. எல்லா மாடியிலும் நிற்க வேண்டும். புளோக்கில் 75 விழுக்காட்டு வீடுகள் சம்மதித்தால் வேலை தொடங்கும். நின்று நின்று போனால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அதற்காக முட்டி தேய்ந்த பாட்டியைப் படியேறச் சொல்ல முடியுமா? அந்தச் செலவு நியாயமான செலவு.

அதையும் திருப்பி எடுக்க வழி பிறந்ததுதான் எனக்குப் பிடித்த சங்கதி. ஊரில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: மின்தூக்கிப் பெட்டிக்கு மறுமுனையில் ஓர் எதிரெடை தொங்குகிறது. காலிப் பெட்டியைவிட அது கனம். ஆகவே ஆளில்லாத பெட்டி மேலே போகும்போதும், நிறைய ஆள் ஏறிய பெட்டி கீழே வரும்போதும் மோட்டார் இழுப்பதில்லை. கனம்தான் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. இன்வெர்ட்டர் வைத்த மின்தூக்கிகளில் அப்படிக் கிடைத்த மின்சாரத்தை மொட்டைமாடி இயந்திர அறையில் ஒரு ரெசிஸ்டர் பெட்டிக்கு அனுப்பி எரித்துத் தள்ளினோம். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பி இறங்கும் நேரத்தில் அந்தப் பெட்டியில் விரல் பட்டால் தோல் பொசுங்கிவிடும்.

ஜூரோங் ஈஸ்ட்டில் யூஹுவா வட்டாரத்தின் 38 புளோக்குகளை 2012 முதல் பசுமையாகச் சீரமைத்தபோது அப்படி வெப்பமாக வீணானதை மின்சாரமாகவே புளோக்குக்குத் திருப்பிக் கொடுக்கும் சாதனத்தைப் பொருத்தினார்கள். கூரையில் சூரியத் தகடுகள், தாழ்வாரங்களில் எல்இடி விளக்குகள். ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும் வட்டாரத்தில் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 2020இல் வந்த பசுமை நகரத் திட்டம், வீவக நகரங்களின் எரிசக்திப் பயன்பாட்டை 2030க்குள் 15 விழுக்காடு குறைக்கக் குறிவைத்திருக்கிறது. தெம்பனிஸில் ஏறக்குறைய 130 புளோக்குகளுக்கு வெப்பத்தைத் திருப்பியடிக்கும் பெயின்ட் அடித்துப் பார்க்க முடிவானது. சுற்றுப்புறச் சூடு 2 டிகிரி வரை குறையலாம் என்று எதிர்பார்ப்பு.

எல்லாம் சரி. ஆனால் சூரியத் தகடும் எதிரெடையும் மிச்சம் பிடிப்பது புளோக்கின் பொதுக் கணக்கில்: மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர் பம்ப். வீட்டு மீட்டர் தனி. அங்கே ஏறக்குறைய கால் பங்கை ஏர்கான் தின்கிறது. 2024இல் வீவக வீடு ஒவ்வொன்றுக்கும் 300 வெள்ளி பற்றுச்சீட்டு தந்தார்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் பொருள்களை அதில் வாங்கலாம். நான் ஒரு டிசி மின்விசிறி வாங்கினேன். அதைப் பொருத்திய பிறகும் காற்று வர வழி வேண்டுமே?

புதிய நகரங்களுக்குக் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் பார்த்துவிட்டுத்தான் புளோக்குகளை நிறுத்துகிறார்கள். பழைய புளோக்கில் அடைபட்ட பின்ஜன்னலைத் திறந்துவிடும் திட்டம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. யாராவது கொண்டுவந்தாலும் கூடுதல் அறையை இடிக்க வேண்டியிருக்கும். அதற்கு 75 விழுக்காட்டு வாக்கு விழும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.