இல்லில் அட்ட கள்: பெரும்பாணாற்றுப்படை காட்டும் நெற்கள் ஆக்கம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. இவ்விரு மொழியினர்க்கும் ‘கள்’ என்றவுடன் முதற்கண் நினைவிற்கு வருவது தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ இறக்கப்படும் கள்ளேயாகும். இவ்வழக்கைச் சங்கப் பாடல்களின் மேல் ஏற்றிப் பொருள் காணும்போது, வீட்டில் நெல்லைக் கொண்டு ஆக்கப்பட்ட கள் மறைந்துவிடுகிறது. அதனைப் பெரும்பாணாற்றுப்படை கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரும்பாணாற்றுப்படையையும் பட்டினப்பாலையையும் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆவார். பட்டினப்பாலையில் பரதவர் அருந்தும் பனங்கள்ளையும், பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் அரிசிக் கள்ளையும் அவர் ‘பிழி’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றார். எனவே, சொல்லை மட்டும் கொண்டு கள்ளின் மூலப்பொருளைத் துணிதல் இயலாது என்பது பெறப்படும்.

வலைஞர் பகுதியில் (275-282) கள் ஆக்கும் முறை படிப்படியாகக் கூறப்பெறுகின்றது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுவர். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்லடையை அதனோடு கலப்பர். இனிமை தோன்ற இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின், வலிய வாயையுடைய சாடியில் பச்சைத்தன்மை நீங்க விளையவிடுவர். பின்னர் வெந்நீரின் துணையுடன் வடித்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பர். சுட்ட மீன் இதற்குத் துணையுணவு.

நல்லடை என்பதனை நெல்முளை எனக் கொள்ளும் உரைமரபு ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. முளைவிடும் தானியத்தில் தோன்றும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்கும். பியர் ஆக்கத்தின் அடிப்படையும் இதுவே. புலவர் இனிமையை முன்னும் விளைவைப் பின்னும் வைத்துப் பாடியிருப்பது இவ்வேதியியல் வரிசையோடு பொருந்துகின்றது. சார்க்கண்டு முதலிய பகுதிகளின் பழங்குடியினர் இன்றும் ஆக்கும் ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளில் நெல்முளை இடம்பெறுவதில்லை. பூஞ்சையும் ஈஸ்டும் கொண்ட உருண்டைகளே அதனை நொதிக்கச் செய்கின்றன. ஆதலின், உருத்திரங்கண்ணனார் காட்டும் முறை, ஏறத்தாழ கி.மு. 1800 அளவிலான சுமேரிய நின்காசிப் பாடல் கூறும் முளைத்தானிய முறையோடு வகையால் ஒத்தது எனலாம். இவ்வொப்புமை தொடர்பைக் காட்டுவதன்று. ஒரே பொருளியல்பை இரு மக்களும் அறிந்திருந்தமையையே காட்டுவது.

இந்நூலின் மற்றொரு பகுதி (142) வீட்டில் அட்ட கள்ளைத் ‘தோப்பி’ எனப் பெயர் சுட்டுகின்றது. மரக்கள் இறக்கப்படுவது, அடப்படுவதன்று. ஆகவே ‘அடு’ என்னும் வினை ஆக்கமுறைக்குச் சான்றாகின்றது. அங்கு வீரர், கவர்ந்த ஆநிரையைக் கள்விலைக்குக் கொடுத்துத் தீர்த்தமையும் முந்தைய அடியிலேயே கூறப்படுகின்றது. விலைக்குப் பெறும் கள்ளும் வீட்டுக் கள்ளும் ஒரே குடியில் அருகருகே வழங்கின என்பது இதனால் அறியப்படும். குடும்பத்தார் சிறப்பு நாட்களில் தாமே மது ஆக்கிக்கொள்ள அர்த்தசாத்திரத்தின் கள் கண்காணிப்பாளர் பற்றிய இயலும் இடந்தருகின்றது. வணிகக் கள்ளிலிருந்து வீட்டுக் கள் வேறாக எண்ணப்பட்டமைக்கு இது வடநாட்டுச் சான்றாகும்.

1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டை வெளியிட்டது முதல் இச்சான்றுகள் அச்சில் உள்ளன. எனினும் கள், நறவு, பிழி, தேறல், தோப்பி ஆகிய அனைத்தையும் ‘கள்’ என ஒரே சொல்லாற் பெயர்த்துச் செல்லும் எளிய உரைகளில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. அதனால் இழக்கப்படுவது ஒரு சொற்பொருள் மட்டுமன்று. களி துழாவி, முளை சேர்த்து, நாளெண்ணிக் காத்திருந்த ஓர் இல்லத் தொழிலின் வரலாறும் ஆகும். ஆகவே கள் பற்றிய ஒவ்வோர் இடத்திலும் மூலப்பொருள், வினைச்சொல், கலம் ஆகிய மூன்றையும் நோக்கியே பொருள் துணிதல் தகும்.