நீலத் தோல், வெள்ளித் தண்ணி, பிலடெல்பியா

முதல்லயே சொல்லிடறேன், கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

மேட்டர் இதுதான். மூணு 9 வோல்ட் பேட்டரி, ரெண்டு சுத்த வெள்ளிக் கம்பி, ஒரு கிளாஸ் காய்ச்சி வடிச்ச தண்ணி. பேட்டரிகளைத் தொடரா இணைச்சா 27 வோல்ட். கம்பிகளைத் தண்ணியில தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தா 'கூழ்ம வெள்ளி' ரெடி. சளி முதல் புற்றுநோய் வரைக்கும் இது தீர்க்கும்னு நம்பறவங்க அமெரிக்காவுல நிறைய பேர். என் கூட வீட்டைப் பகிர்ந்துக்கற நண்பனுக்கு சைனஸ் தொந்தரவு. இன்ஷ்யூரன்ஸ் இருந்தும் டாக்டர்கிட்ட போனா முதல் சில நூறு டாலர் கைக்காசுதான். அந்தக் கணக்கைப் பார்த்துட்டு பையன் வெள்ளிக் கம்பி விலை விசாரிக்க ஆரம்பிச்சுட்டான். 'வேணாம்டா'ன்னு சொன்னா, 'ஏன்னு சொல்லு'ன்னான். நியாயமான கேள்வி. இதோட பூர்வீகத்தைத் தேடினா, பாதிக் கதை நான் படிக்கிற இதே ஊர்ல நடந்திருக்கு!

வெள்ளி கிருமியைக் கொல்லும்ங்கறது புருடா இல்ல. பாரசீக மன்னன் சைரஸ் படையெடுத்துப் போகும்போது, கொதிக்க வெச்ச ஆத்துத் தண்ணியை வெள்ளிப் பாத்திரங்கள்ல வண்டி வண்டியா கொண்டுபோனதா ஹெரோடோட்டஸ் எழுதி வெச்சிருக்கார். நம்ம வீட்டு வெள்ளிச் சங்கு ஞாபகம் வருதா? ஆனா மருத்துவத்துல பெரிய திருப்பம் 1881-ல. லைப்சிக் நகரத்துல பிரசவ மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளோட கண்ணுல 2 சதவீத சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டார். தாய்கிட்டேருந்து தொத்திக்கிற கிருமியால குருடாகற குழந்தைகள் அப்போ ஏராளம். அவரோட மருத்துவமனையில நூத்துக்குச் சுமார் பத்து குழந்தைகளுக்கு வந்துட்டிருந்த அந்தக் கண்நோய், ஒண்ணுக்கும் கீழ இறங்கிச்சு. ஒரே ஒரு சொட்டு!

இப்ப பிலடெல்பியாவுக்கு வருவோம். இங்க செஸ்ட்நட் ஹில்ங்கற பகுதியில மேத்யூ கேரி லீ (1823-1897)னு ஒருத்தர். வசதியான குடும்பம், வீட்டுலயே ஆய்வுக்கூடம். புகைப்பட ரசாயனத்துல கில்லாடி. 1889-ல சில்வர் நைட்ரேட்டோட இரும்பு சிட்ரேட் கலந்து, தண்ணியில கரையற மாதிரி தெரியற வெள்ளியைத் தயாரிச்சார். தங்க நிறம், நீலம், ஊதான்னு விதவிதமா வந்துச்சு. இதெல்லாம் வெள்ளியோட வேற வேற வடிவங்கள்னு அவர் நினைச்சார். உண்மையில அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் தண்ணியில மிதக்கிற கூழ்மம். ஆக, 'வீட்டுலயே கூழ்ம வெள்ளி' சங்கதிக்கு வயசு நூத்தி முப்பதுக்கு மேல.

அதுல கரண்டைக் கொண்டுவந்தவர் ஜெர்மனிக்காரர் கேயோர்க் பிரெடிக். 1898-ல ரெண்டு உலோகக் கம்பிகளைத் தண்ணிக்கு அடியில நெருக்கமா வெச்சு, நடுவுல மின்வில் பத்த வெச்சார். அந்தச் சூட்டுல உலோகம் ஆவியாகி, தண்ணியில குளிர்ந்து, நுண்துகளா மிதக்கும். அந்த ஆளோட கதையே தனிப் பதிவு. யூதர்ங்கறதால 1933-ல நாஜிகள் பேராசிரியர் வேலையைப் பறிச்சாங்க. 1939-ல நெதர்லாந்துக்குத் தப்பி, 1940-ல அமெரிக்கா வந்து, 1944-ல நியூயார்க்ல இறந்துபோனார்.

இதுக்கு நடுவுல கிரெடேயோட மகன் பென்னோ கிரெடே, 1890-கள்ல கூழ்ம வெள்ளியை 'கொலார்கோல்'ங்கற பேர்ல மருந்தாக்கினார். அப்புறம் வந்தார் நம்ம ஊர்க்காரர் (அதாவது பிலடெல்பியாக்காரர்) ஆல்பர்ட் பார்ன்ஸ். ஏழைக் குடும்பத்துல பிறந்து டாக்டருக்குப் படிச்சவர். ஹெர்மன் ஹில்லேங்கற ஜெர்மன் வேதியியலாளரோட சேர்ந்து 'ஆர்ஜிரால்'னு ஒரு வெள்ளி மருந்தை 1902 வாக்குல சந்தைக்குக் கொண்டுவந்தார். சில்வர் நைட்ரேட் மாதிரி கண்ணை எரிக்காதுங்கறதால சக்கைப்போடு போட்டுச்சு. 1929-ல, பங்குச் சந்தை கவிழறதுக்குச் சில மாசம் முன்னாடி கம்பெனியை வித்துட்டார் மனுஷன். அந்தக் காசெல்லாம் எங்க போச்சு? ஓவியமா ஆச்சு. ரெனுவார் மட்டும் 181, செசான் 69. பார்ன்ஸ் பவுண்டேஷன் கலைக்கூடம் 2012-லேருந்து நகரத்துக்கு நடுவுலயே இருக்கு. அந்தச் சுவர்கள்ல தொங்கறது ஒரு கண் சொட்டு மருந்தோட லாபம்னு நினைச்சுட்டுப் பாருங்க, வேற மாதிரி தெரியும்.

அப்புறம் சல்பா மருந்துகள், பென்சிலின் எல்லாம் வந்து வெள்ளியை ஓரங்கட்டிடுச்சு. தோத்ததுக்குக் காரணம் சதி இல்ல. வந்தது வெள்ளியைவிட நல்லா வேலை செஞ்சுது, அவ்ளோதான். இருந்தாலும் 1990-கள்ல இங்க வெள்ளித் தண்ணி மறுபிறவி எடுத்துச்சு. அந்த நேரத்துல நம்ம ஆளுங்க நிறைய பேரை ஃப்ளைட் ஏத்தின அதே ஒய்-டூ-கே பயம், மொன்டானா மாநிலத்துல ஸ்டான் ஜோன்ஸ்ங்கறவரை வேற வழியில தள்ளுச்சு. கம்ப்யூட்டரெல்லாம் படுத்துட்டா ஆன்டிபயாடிக் கிடைக்காதேன்னு, 1999-ல தானே வீட்டுல வெள்ளித் தண்ணி தயாரிச்சுக் குடிச்சார். ஒய்-டூ-கே ஒண்ணும் ஆகாமப் போச்சு. அவர் தோல் மட்டும் நீலச் சாம்பல் நிறமாயிடுச்சு. 2002-ல செனட் தேர்தல்ல லிபர்டேரியன் கட்சி வேட்பாளரா நின்னப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது.

ஏன் நீலம்? நண்பனுக்கு நான் பேப்பர்ல வரைஞ்சு காட்டினது இதைத்தான். பிரெடிக் ஓட்டினது ஆம்பியர் கணக்குல கரண்ட். பேட்டரி செட்டுல ஓடறது மில்லி ஆம்பியர். மின்வில் எல்லாம் வராது, வெறும் மின்னாற்பகுப்புதான். அதனால தண்ணியில சேர்றது பெரும்பாலும் வெள்ளி அயனி, துகள் கொஞ்சம்தான். குடிச்சதும் வயித்து அமிலத்துல இருக்கிற குளோரைடு அதைப் பிடிச்சு சில்வர் குளோரைடா ஆக்கிடும். கிருமி வரைக்கும் போய்ச் சேர்றதே சந்தேகம். ஆனா அதையும் மீறி ரத்தத்துல கலக்கறது கொஞ்சம் கொஞ்சமா தோல்ல போய்ப் படியும். வெயில் பட்டா கறுக்கும். பழைய ஃபோட்டோ பிலிம் கறுக்கற அதே வேதியியல், கேரி லீ வாழ்நாளெல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்ட அதே வேதியியல். பேரு ஆர்ஜிரியா. தானா சரியாகாது. லேசர் வெச்சு சிலருக்கு ஓரளவு மங்க வெச்சிருக்காங்க. நண்பன் பேப்பரை உத்துப் பார்த்துட்டு, கம்பி வாங்கற யோசனையைக் கைவிட்டான்.

கூழ்ம வெள்ளி கலந்த, சீட்டில்லாம விக்கிற மருந்துகளைப் பாதுகாப்பானதாவோ பலன் உள்ளதாவோ ஏத்துக்க முடியாதுன்னு எஃப்.டி.ஏ. 1999-லயே விதி போட்டுச்சு. அப்படியும் 2020 மார்ச்ல, கொரோனாவுக்கு வெள்ளித் தண்ணின்னு வித்தவங்களுக்கு மறுபடி எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்துச்சு. அதே நேரம், தீக்காயத்துக்கு வெளியில பூசற சில்வர் சல்ஃபாடயசின் 1960-களோட கடைசியில வந்து, மருத்துவமனைகள்ல இன்னும் புழக்கத்துல இருக்கு. வெள்ளி மேல தப்பில்ல. எவ்வளவு, எங்க, யாரு பார்த்துக் குடுக்கறாங்கங்கறதுதான் கேள்வி.

வெள்ளித் தண்ணி குடிக்கறவங்களை முட்டாள்னு சிரிச்சுட்டுப் போறது சுலபம். எனக்கு அது முடியல. டாக்டர் பில்லைப் பார்த்துப் பயந்தவன் கையில பேட்டரியை எடுக்கறான். அந்தப் பயம் இங்க படிக்க வந்திருக்கற நம்ம பசங்க பல பேருக்கும் இருக்கு. உடம்புக்கு முடியலைன்னா 'ரெண்டு நாள் பார்ப்போம்'னு தள்ளிப்போடாம, உங்க யுனிவர்சிட்டி மாணவர் மருத்துவ மையத்துல எதெல்லாம் கட்டணத்துல அடக்கம்னு நல்லா இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கோங்க. ஃபீஸோட ஃபீஸா நாம ஏற்கெனவே கட்டின காசுதான் மக்களே.

பி.கு: பிலடெல்பியா பக்கம் வந்தா ஒரு குரல் கொடுங்க. ரெனுவார் பார்க்கப் போகலாம். டிக்கெட் அவங்கவங்க செலவு :-)