புள்ளி வைத்தவர் பெயர்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டாப் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கும் தமிழ்க் கருத்தரங்குகளில் முதல் ஸ்லைடு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பின்னணியில் பெரிய கோயில் விமானம், நடுவில் தலைப்பு, வலது மூலையில் ஒரு கோலம். விமானத்தை எழுப்பியவன் பெயரைக் குழந்தையும் சொல்லும். கோலம் யார் போட்டது என்று நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "கூகுள்ல எடுத்தது மேடம்."

அந்தக் கோலத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். சிக்குக் கோலமாக இருந்தால் ஸ்லைடின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். இழுத்துப் பெரிதாக்கியதில் கோடு பிசிறடித்திருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு போட்டுத் தரும் கோலங்களில் பலவற்றை விரலால் தொடர்ந்து போனால் பாதியில் வழி தவறிவிடும். சுழிக்குள் புள்ளி இருக்காது, புள்ளியைச் சுற்றிச் சுழி இருக்காது. ஏழாம் வகுப்புப் பெண் வாசலில் இப்படிப் போட்டிருந்தால் அவள் அப்பாயி அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பார். கருத்தரங்கில் கைதட்டு கிடைக்கிறது.

ஸ்லைடுக்கு வேண்டிய படத்தை நாமே வடிவமைப்பது கணினி வந்த பிறகு பிறந்த வேலை என்று மாணவிகள் நினைக்கிறார்கள். அந்த வேலையைப் பிரித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? ஒரு வெற்றுப் பரப்பு, அதில் சம இடைவெளியில் புள்ளிகள், புள்ளிகளை அளவாக வைத்துப் போகும் கோடு, ஒரு மூலையை முடித்துவிட்டால் அதையே திருப்பி மற்ற மூலைகளில் வைப்பது. இதையெல்லாம் டெல்டாப் பெண்கள் விடியுமுன் வாசல் தெளித்து, குனிந்த முதுகோடு, பின்வாங்கும் பொத்தான் இல்லாமல் செய்து வந்திருக்கிறார்கள்.

பழைய இலக்கியத்தில் 'கோலம்' என்ற சொல் தோற்றம், ஒப்பனை, அழகு என்ற பொருள்களில்தான் அதிகம் வரும். அதைக் கொண்டுபோய் வாசல் மாவுக்குச் சான்றாக நிறுத்த முடியாது, நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆண்டாளிடம் போனால் ஒரு பிடி கிடைக்கிறது. நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் தை மாதத்தில் தரையைத் துலக்கி மண்டலம் இடுகிறாள், நுண்ணிய மணலால் தெருவை அழகு செய்கிறாள். அரிசி மாவு இல்லை, மணல். அதற்கடுத்த பத்தில் சிறுமிகள் கண்ணனிடம் மன்றாடுகிறார்கள்: முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டிய எங்கள் மணல் வீட்டைக் கலைக்காதே. உரைகாரர்கள் அதில் பக்தியைப் படிக்கட்டும். தான் உருவாக்கியதை ஒருவன் கால் அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் குரலாகவும் அது எனக்குக் கேட்கிறது.

வாசல் கோலம் எப்படியும் பத்து மணிக்குள் கால்பட்டுப் போகும். மிஞ்சுவது கோல நோட்டு. பிள்ளைகள் பாதி எழுதி விட்ட கணக்கு நோட்டு, வங்கி கொடுத்த பழைய டைரி. பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு இருக்கும்: '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி.' நடு வரிசையில் 15, அதன் மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி, அறுகோண வடிவம். இவ்வளவையும் அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. கோலத்தைப் பார்க்காமலே இன்னொரு ஊரில் இன்னொருத்தி அதற்கான தளத்தைப் போட்டுவிட முடியும்.

மார்கழி வந்தால் பெண்கள் பத்திரிகைகள் வாசகிகளின் கோலங்களை அச்சிடும். ஒவ்வொன்றின் கீழும் அனுப்பியவர் பெயரும் ஊரும் இருக்கும். இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் கோலப் பக்கத்தையும் சமையல் குறிப்பையும் சேர்த்து எவ்வளவோ கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெண் வரைந்ததற்கு அவள் பெயரைப் போட்ட இடம் எனக்குத் தெரிந்து அதுதான். அந்தப் பக்கங்களே இணையத்துக்குப் போனபோது கோலத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு கீழிருந்த பெயரை விட்டுவிட்டார்கள்.

கணினிக்கும் கோலத்துக்கும் உள்ள உறவு இந்தக் கத்தரிப்புக்கு வெகுகாலம் முந்தையது. 1974இல் 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் தலைப்பிலேயே கோலம் இருக்கிறது. எழுதியவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். முதல் இருவரும் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணிபுரிந்தவர்கள். கமலா கிருத்திவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தார். வாக்கியம் அமைக்க விதி இருப்பதுபோல் படம் அமைக்கவும் விதி எழுதலாம், சிறு துண்டுகளை விதிப்படி அடுக்கிக்கொண்டே போனால் பெரிய உருவம் வளரும் என்ற சிந்தனையில் அவர்கள் வேலை செய்தார்கள். அதற்கு எடுத்துக்காட்டு வாசலிலேயே கிடந்தது. படங்களுக்கான இலக்கணங்களில் ஒரு வகைக்குக் கோலம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று ஆசிரியர்களில் இருவர் பெண்கள். தொல்காப்பியம் நடத்துகிற வகுப்பில் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பாடத்திட்டக் குழுவில் அது இன்னும் எடுபடவில்லை.

ராணி சிரோமணியின் பெயர் ஆய்வுலகில் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். அந்தக் கோலங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கொடுத்த பெண்களுக்கு 'மரபு' என்ற ஒரே பெயர்தான். மரபு என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினியின் சின்னங்களை வடிவமைத்தவர் சூசன் கேர் என்ற பெண். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்ட நோட்டில்தான் முதலில் வரைந்தார். ஆப்பிள் விசைப்பலகையின் கமாண்ட் விசைக்கு ஒரு குறி தேவைப்பட்டபோது குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டி, சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் அடையாளத்தை எடுத்தார். நடுவில் ஒரு சதுரம், நான்கு மூலையிலும் நான்கு சுழி, கையெடுக்காத ஒரே கோடு. சுழிக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து புள்ளி வைத்துப் பாருங்கள், நம் பிள்ளைகள் முதலில் பழகும் சிக்குக் கோலம். இங்கிருந்து அங்கே போனது என்று பெருமை பேச வரவில்லை. அது அந்த வடநாடுகளின் பழைய உருவம். நான் சொல்ல வந்தது நோட்டைப் பற்றி. சூசன் கேரின் நோட்டு வரைவுகள் 2015இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் வீடுகளின் கோல நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின.

பவர்பாயின்ட் 1987இல் முதலில் அந்த மெக்கின்டாஷுக்குத்தான் வந்தது. அவ்வாண்டே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. பிறகு ஆயத்தப் படங்களும் ஆயத்த வார்ப்புகளும் குவிந்தன. ஆயத்தம் என்பது நமக்கும் புதிதில்லை. துளை போட்ட தகரக் கோல அச்சைத் திருவிழாக் கடையில் வாங்கி, மாவைக் கொட்டித் தட்டினால் தாமரை விழும். அவசரத்துக்கு நானும் தட்டியிருக்கிறேன்.

படத்தை நாமே போடும்போது, இது யாருடைய வாசல் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எறும்புக்கு உணவாகத்தான் நம் முன்னோர் அரிசி மாவில் கோலமிட்டார்கள் என்று ஒவ்வொரு பண்பாட்டு ஸ்லைடிலும் ஒரு வரி இருக்கும். இது நெல் விளைகிற மண். இங்கே, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராடிய தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1968 டிசம்பர் 25. மார்கழி மாதம். ஊர்த் தெருக்களில் எறும்புக்கு அரிசி கிடைத்துக்கொண்டிருந்த மாதம். நடவு நட்ட பெண்களும் தங்கள் வாசலில் கோலம் போடுகிறவர்கள்தான். ஸ்லைடுக்கு வரும் கோலத்தின் பின்னால் அந்தத் தெரு தெரிவதில்லை, அக்கிரகாரத் திண்ணைதான் தெரிகிறது. கணவனை இழந்ததும் சில வீடுகளில் கோலப்பொடிக் கிண்ணம் கைமாறிவிடும் என்பதற்கும் எந்த ஸ்லைடிலும் இடம் கிடையாது.

என் மாணவி ஒருத்தி திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நடவுக்குப் போன அவள் அப்பாயியின் நோட்டிலிருந்து 15–8 கோலம் ஒன்றைத் துறை ஸ்லைடுகளுக்காகப் பவர்பாயின்டிலேயே போட்டாள். கட்டக்கோட்டைத் திறந்து புள்ளிகளைச் சிறு வட்டங்களாக அடுக்கினாள். வளைகோட்டுக் கருவியால் ஆறில் ஒரு பங்கை மட்டும் இழுத்து, முனைப்புள்ளிகளைத் திருத்தி, சுழிகளை ஒழுங்காக்கினாள். அதை நகலெடுத்து 60 பாகை திருப்பியபோது துண்டுகள் சிதறின. மென்பொருள் ஒவ்வொரு உருவத்தையும் அதனதன் நடுவில்தான் சுழற்றும். கோலத்தின் மையத்தில் நிறமில்லாத பெரிய வட்டம் ஒன்றைப் போட்டு, துண்டை அதோடு குழுவாக்கித் திருப்பினாள். ஆறும் சேர்ந்து கோடு மூடிக்கொண்டது. வகுப்பறை வெளிச்சத்தில் மெல்லிய கோடு திரையில் காணாமல் போகும் என்பதால் தடிமனைக் கூட்டி, செம்மண் நிறத்தின் மேல் வெள்ளையாக்கி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்தாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் இனிப் பிசிறடிக்காது.

ஸ்லைடின் அடியில் சிறிய எழுத்தில் 'கோலம்' என்று போட்டு அப்பாயியின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தாள். தரமதிப்பீட்டுக் குழு வரும் நாளுக்கு முன்பு ஸ்லைடுகளைச் சரிபார்த்தவர்கள் கோலம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். வார்ப்பில் அதற்கு இடமில்லையாம். அவள் சண்டைக்குப் போகவில்லை. கோப்பின் பெயரை மாற்றினாள். இப்போது துறைக் கணினியில் அந்தக் கோலம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் அவள் அப்பாயியின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், பிறகு ஊர், பிறகு 15–8.