செய்யுளும் செவியும்

செய்யுளுறுப்புக்கள் 34 எனக் கூறிய தொல்காப்பியர் மாத்திரையையே முதலில் வைத்தார். மாத்திரையாவது கண்ணிமைக்கவோ கைநொடிக்கவோ செல்லும் பொழுது. பின்வந்த அமிதசாகரர் காரிகையில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என 6 உறுப்புக்களை வகுத்தார். அங்கும் எழுத்தென்பது ஒலியே. நம் மாணவரோ இவற்றைத் தாளிற் கோடிட்டுப் பிரிக்கும் கணக்காகவே கற்கின்றனர். வாய்விட்டுப் படிப்போர் சிலரே.

ஊர்ப்பெயரொன்றை ஒலித்துப் பார்ப்போம். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் நின்றால் நேரசை. குறிலோடு இன்னோர் உயிரெழுத்தோ உயிர்மெய்யோ இணைந்தால் நிரையசை. 'பேராதனை' பே, ரா, தனை என நேர் நேர் நிரையாகித் தேமாங்கனிச் சீராகும். கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை. ஆகவே வெண்பாப் பாடும் புலவர் 'பேரா' என நிறுத்தித் 'தனை'யை அடுத்த சீருக்குத் தள்ளுவார். இதனை வகையுளி என்பர். மாச்சீர்முன் நிரை வருதலால் வெண்டளையும் கெடாது. ஊர் இரண்டாயினும் ஓசை பிழைத்துக்கொள்கிறது!

ஓசையின் பழமையை வரலாற்றிலே தேடியவரும் பேராதனையிற் பயின்றவரே. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்குப் பெயர்ந்தது. 1957இல் பட்டம் பெற்றார் க. கைலாசபதி. பின்னர் பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தார். சங்க வீரப்பாடல்கள் வாய்மொழி மரபின என்பது 1968இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் துணிபு. மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைச் சான்றாகக் காட்டினார். பாணர் பாடலைப் பின்பற்றிப் புலவர் இயற்றினர் என ஜோர்ஜ் ஹார்ட் வேறு விளக்கம் தந்தார். ஆயினும் இருவரும் தொடங்குமிடம் பாணனின் குரலே.