நாளுக்கொரு வசனம்: ஒரு பழக்கத்தின் வரலாறு



இணையத்தில் நாள்தோறும் வெளிவரும் கிறித்துவத் தியானப் பகுதிகளை மாணவர்களுக்குப் பயன்படுத்தலாமா என்பது நம்மிடையே அவ்வப்போது எழும் வினா. புலனக் குழுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பது வீடுகளுக்கும் அது சென்று சேர்ந்துவிடும். இவ்வளவு எளிதாகிவிட்டதால்தான், இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று எனக் கருதுகிறேன்.

நாளுக்கொரு பங்கு என்னும் கருத்து விவிலியத்திலேயே உள்ளது. பாலைவனத்தில் இஸ்ரவேலர் மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்த்தனர். மறுநாளைக்கென வைத்தது கெட்டுப்போயிற்று என யாத்திராகமம் கூறுகிறது. தமிழ்த் தியான ஏடுகளில் 'மன்னா' என்னும் சொல் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம்.

இக்கருத்தைத் தினசரி வழக்கமாக்கியவர்கள் செருமனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மொரேவிய சகோதரர்கள். 1728ஆம் ஆண்டு மே மாதத்தில் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்குரிய வாசகத்தைச் சபையாரிடம் கூறினார். பின்னர் அது வீடு வீடாக எடுத்துச் சொல்லப்பட்டது. 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்கள் நூலாக அச்சாயின. அந்நூல் இன்றளவும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. இச்சகோதரர்களுள் சிலர் 1760இல் தமிழகத்துத் தரங்கம்பாடியிலும் குடியேறினர். அதற்கு முன்பே, 1715இல், சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அதே ஊரில் தமிழில் அச்சேறியிருந்தது.

மாணவர்க்கென இவ்வழக்கத்தை அமைத்தவர் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியை என்பது மகிழ்ச்சிக்குரியது. இங்கிலாந்தின் கெசிக் நகரில் ஞாயிறு பள்ளி நடத்திய ஆனி மார்ஸ்டன் அம்மையார், தம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வாசிக்க வேண்டிய பகுதிகளைக் கைப்படப் பட்டியலிட்டுக் கொடுத்து வந்தார். அப்பட்டியலை அச்சிட்டால் பலருக்கும் பயன்படுமே என்ற அவரது யோசனையின் பேரில், 1879 ஏப்ரல் முதல் நாள் வேத வாசிப்பு அட்டை வெளியாயிற்று. 'ஸ்கிரிப்ச்சர் யூனியன்' இயக்கம் இவ்வாறே தோன்றியது. வேண்டியவர்க்கு, வயதறிந்து, ஓர் ஆசிரியையின் கையால் கொடுக்கப்பட்டதே இதன் தொடக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் பேராக் மாநிலத்திற்கு வருவோம். 1880களில் பாதிரியார் ஃபீ அவர்கள் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென ஒரு குடியேற்றத்தை உருவாக்கினார். ஈப்போவின் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளியின் பெயரே மிஷன் கல்வியின் சுவடு. ஆயினும் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் தோன்றியது வேறு வழியில். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கச் செய்யும் வகை 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அங்குப் பயின்றோருள் பெரும்பான்மையினர் இந்துக் குடும்பத்தினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்திற்குப் பெயர்ந்த பின்னும் நம் வகுப்பறைகளின் நிலை அதுவே.

ஆகவேதான் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தம் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்கேற்கவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தை முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலரே. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, இஸ்லாம் அல்லாத சமயப் போதனைக்கு உதவிபெறும் பள்ளிகளில் இடமளிப்பினும், அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தைச் செலவிடலாகாது என்றும், தம் சமயம் அல்லாத சமயத்தின் போதனையில் மாணவர் கலந்துகொள்ளப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றும் வரையறுக்கிறது.

இவற்றால் நான் கொண்ட கருத்து இது. வகுப்பின் பொதுப் புலனக் குழு தியானப் பகுதிக்கு ஏற்ற இடமன்று. ஆசிரியர் அனுப்புவதை மறுக்கப் பெற்றோர் தயங்குவர். அந்தத் தயக்கத்தைச் சம்மதம் எனக் கொள்வது முறையன்று. அதே வேளையில், கிறித்துவக் குடும்பங்கள் இவ்வழக்கத்தை வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் தாராளமாகப் பேணலாம். ஆனால் இணையப் பகுதிகள் பல பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. மார்ஸ்டன் அம்மையார் செய்தது போல, பிள்ளையின் வயதுக்கேற்ற பகுதியைப் பெற்றோர் முன்னரே தெரிந்தெடுத்து, தமிழில் வாய்விட்டு வாசிக்கச் செய்தல் வேண்டும். பாடநூலுக்கு வெளியே வீட்டில் தமிழ் வாசிக்கும் வாய்ப்பு அருகிவரும் இந்நாளில் அதுவும் ஒரு பெரும்பேறே.

நாள்தோறும் சிறிதளவு வாசிக்கும் முறை எந்தவொரு சமயத்திற்கும் தனியுடைமை அன்று. பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கி, பாலபாடங்களையும் எழுதினார். நல்ல முறையை ஏற்றார்; தம் நெறியையும் விடவில்லை. நாமும் சபைக்கூடலில் நாளுக்கொரு குறளைப் பொருளுடன் அனைவர்க்கும் பொதுவாக வழங்கலாம். அவரவர் சமய வாசிப்பு அவரவர் இல்லத்தில் தழைக்கட்டும்.

உங்கள் பள்ளியில் பின்பற்றும் முறையை எழுதுங்கள்.