போடிமெட்டுக்கு பைக்கில் போகும் முன்: ஒரு மலைச்சாலையின் கதை



போன பொதுக்குழுக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பி பிளாக் இளைஞர்கள் இருவர் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். ஸ்பெயின்! வடகோடியில் வாடகை பைக் எடுத்து, மலைகளைத் தாண்டி, தெற்கே கடற்கரை வரை போகிற திட்டமாம். விசா, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, பைக் வாடகை, காப்பீடு எல்லாம் கூட்டிப் பார்த்ததும் இருவர் முகமும் வாடிவிட்டது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அதுக்கு ஒத்திகையா இந்த ஜனவரியில நம்ம போடி வழியா மூணாறு போயிட்டு வருவோம்" என்று முடிவானது. இப்போது 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

"அங்கிள், நீங்க போடிதானே? அந்த ரோட்டைப் பத்தி நம்ம இதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பிறகு வாட்ஸ்அப் குழுவில் அவர்களுடைய திட்டத்தைப் படித்தேன். "அதிகாலை 3.30-க்கு மதுரையில் கிளம்பினால் 6 மணிக்கு முன்னால் போடி. அந்த நேரத்தில் மலைச்சாலை காலியாக இருக்கும். வளைவுகளில் ஜாலியாக ஓட்டலாம்." இந்த மூன்றாவது வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழி எது?

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி வழியாகப் போடிநாயக்கனூர் ஏறத்தாழ 90 கி.மீ. அங்கிருந்து போடிமெட்டு 26 கி.மீ. மெட்டு தாண்டினால் பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, பெரியகானல், தேவிகுளம் வழியாக மூணாறு இன்னும் 42 கி.மீ. முன்பு கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த தேசிய நெடுஞ்சாலை 49 இதுதான். இப்போது எண் 85.

எங்கள் பக்கம் 'மெட்டு' என்றால் மலையேறி முடிகிற உச்சி விளிம்பு. கம்பம் மெட்டு, தேவாரம் மெட்டு, சாக்குலூத்து மெட்டு என்று வரிசையாக உண்டு. ஒவ்வொரு மெட்டுக்கும் கீழே ஓர் ஊர். ஊரிலிருந்து மேலே ஒரு நடைபாதை. அவற்றில் சில தார்ச்சாலையாகின, சில இன்றும் கோரிக்கை மனுவாகவே இருக்கின்றன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த 26 கி.மீ. தூரத்துக்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். கீழே புளியமரமும் வெயிலும், மேலே பனியும் ஏலச்செடியும்.

பொதிமாட்டுக் காலம்

இந்த மலைக்கு மனிதர்கள் ஏறியதற்கு முதல் காரணம் ஏலக்காய். ஏலமலை அன்று திருவிதாங்கூர் அரசின் கையில் இருந்தது. கீழே போடி ஜமீன், மதுரைச் சீமை, அதாவது ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். ஆங்கிலேய லெப்டினன்டுகள் வார்டு, கானர் இருவரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து வரைபடமும் குறிப்புகளும் தயாரித்தார்கள். இன்று நாம் கைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற மலைக்கு முதல் முறையான வரைபடம் அப்படி நடந்து நடந்து வரையப்பட்டதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். காடு மேலே அந்த அரசுக்குச் சொந்தம். ஆனால் காட்டில் வேலை செய்தவர்களில் மிகப் பலர் கீழே இருந்து ஏறிய தமிழர்கள். காய் கள்ளத்தனமாகத் தமிழகப் பக்கம் இறங்கிவிடாமல் காவல் போட வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் போய், நிலவரி முறை வந்தது. சாலை இல்லாத காலத்தில் அரிசி, பருப்பு, உப்பு மேலே ஏறியதும், ஏலக்காய் கீழே இறங்கியதும் பொதிமாட்டின் முதுகிலும் மனிதத் தலையிலும்தான்.

தேயிலை இறங்கிய பாதை

இரண்டாவது காரணம் தேயிலை. 1877-ல் ஜே. டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் மலை உற்பத்தி கம்பெனி தொடங்கியது. தோட்டம் போட்டாயிற்று, தேயிலையை எந்த வழியாக இறக்குவது? மேற்கே கொச்சிப் பக்கம் அடர்ந்த காடு. கிழக்கே செங்குத்தான சரிவு என்றாலும் கீழே போடி இருந்தது.

அதனால் 1902-ல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு பெரிய சக்கரம் தரையில், இழுத்தவை மாடுகள். 1908-ல் அது 2 அடி அகலக் குறும்பாதை ரயிலாக மாறியது. 'குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே' என்று பெயர். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கி, கம்பிவட ரோப்வேயில் மாட்டி, கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்றே பெயர் விழுந்தது. அங்கிருந்து 15 கி.மீ. மாட்டு வண்டியில் போடி. பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து. குரங்கணிக்கு மேலே இன்றும் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஒரு குக்கிராமம் இருக்கிறது. ரயிலே இல்லாத காட்டுக்குள் எப்படி ஸ்டேஷன் என்று திகைக்க வேண்டாம், காரணம் இதுதான்.

1924 ஜூலையில் பெருமழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்பார்கள். மூணாறு சிதைந்தது. குண்டளை ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின் அதை யாரும் திரும்பப் போடவில்லை. மேற்கே ஆலுவாவிலிருந்து நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை வந்தது. 1935-ல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மூணாறு மேற்கே திரும்பத் தொடங்கியது அப்போதுதான்.

போடிக்கு வந்த ரயிலும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1928-ல் மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தினார்கள். 2022-ல் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை மறுபடி ரயில் வந்தது. இடையில் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் ஊரில் ரயிலையே பார்க்காமல் வளர்ந்தார்கள்.

1956-ன் கோடு

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் இருந்துவிட்டன. மார்ஷல் நேசமணி முதலானோர் நடத்திய போராட்டத்தால் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. இந்த மலை வரவில்லை. போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நீங்கள் பைக்கை நிறுத்தும்போது நிற்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

கோடு போட்டாலும் வேலை நிற்கவில்லை. ஏலத்தோட்டம் அந்தப் பக்கம், கூலியாட்கள் இந்தப் பக்கம். காய் விளைவது அந்தப் பக்கம், அதைத் தரம் பிரிக்கிற பெண்களும் வாங்கி விற்கிற வியாபாரிகளும் இந்தப் பக்கம். இன்றும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று இடுக்கி மாவட்டத்துப் புற்றடி, இன்னொன்று போடி. கொழுக்குமலை இன்னும் வேடிக்கை: நிலம் தேனி மாவட்டம், ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

ஆறு மணிச் சாலை

இனி அந்த மூன்றாவது வரிக்கு வருகிறேன்.

என் ஆச்சி நடந்தே மலைக்குப் போனவர். விடியுமுன் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினால், வாரக் கடைசியில்தான் இறங்குவார். அம்மா காலத்தில் ஜீப் வந்துவிட்டது. போடியில் மட்டுமல்ல, தேவாரம், கம்பம் என்று மலையடி ஊர்கள் எல்லாவற்றிலும் விடியற்காலையில் ஜீப்புகள் வந்து நிற்கும். பெரும்பாலும் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், கூலி ஒரு கணக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஓட்டுநருக்கும் அவசரம். மலையில் ஜீப் கவிழ்ந்தது என்று ஊரே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அப்படி ஒரு காலையில், அம்மா உயிரோடு இறங்கி வரும்வரை நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

ஆகவே தம்பிகளே, காலை 6 மணிக்கு அந்தச் சாலை காலியாக இருக்காது. ஒரு நாளில் அது மிகவும் நிறைந்திருக்கிற நேரமே அதுதான். வளைவில் நீங்கள் உள்பக்கம் வெட்டித் திரும்பினால், எதிரிலோ பின்னாலோ வருவது பத்துப் பதினைந்து வீடுகளின் அடுப்பு.

என் சொந்தக் கதை ஒன்று. 1984-ல் நானும் நண்பனும் ராஜ்தூத் பைக்கில், எந்தத் திட்டமும் இல்லாமல் மூணாறு கிளம்பினோம். பூப்பாறைக்கு முன்னால் மழை, இருட்டு, பெட்ரோலும் தீர்ந்தது. அரை மணி நேரம் நடுங்கி நின்ற பிறகு ஆள் ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. ஓட்டுநர் நிறுத்தி, ட்யூப் வைத்து உறிஞ்சி, ஒரு பாட்டில் பெட்ரோல் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பின்னால் இருந்த ஓர் அம்மா, "வீட்ல சொல்லிட்டு வந்தீகளாய்யா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

குரங்கணியை மறக்க வேண்டாம்

திட்டத்தில் இன்னொரு வரி: "இரண்டாம் நாள் விருப்பமுள்ளவர்கள் டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கலாம்." பழைய ரோப்வே இறங்கிய அதே சரிவுதான், அழகான பாதை. ஆனால் 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பலர் நம் பிள்ளைகள் வயதினர். அந்தச் சரிவில் புல் காய்ந்து நிற்கும் மாதங்களில் காற்று திரும்பினால் ஓட இடமில்லை. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியும் அவர்கள் அனுப்பும் வழிகாட்டியும் இல்லாமல் ஒருவரும் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் டாப் ஸ்டேஷனில் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

நான் சொல்லும் மாற்றங்கள்

1934 டிசம்பரில் தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரு பெண்கள் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு ஒரு பாந்தர் பைக்கில் கிளம்பினார்கள். சகாரா பாலைவனத்தைத் தாண்டி 1935-ல் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் அவர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்தந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. நீண்ட பயணம் போகிறவருக்கு வண்டியைப் போலவே வழியில் வாழ்பவர்களும் முக்கியம். ஸ்பெயினுக்கும் இதே பாடம்தான்.

1. மதுரையில் 5.30-க்குக் கிளம்புங்கள். தேனியில் காலை உணவு. போடியிலிருந்து 9 மணிக்குமேல் ஏறினால் ஆள் ஜீப்புகள் பெரும்பாலும் மேலே போயிருக்கும், பனியும் விலகியிருக்கும்.
2. திரும்பும் நாளில் பிற்பகல் 2 மணிக்குள் போடிமெட்டைத் தாண்டி இறங்குங்கள். மாலையில் ஜீப்புகள் இறங்கும் நேரம்.
3. அகலம் குறைந்த மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது விதி.
4. இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக் சூடாகாது.
5. போடியில் டேங்க் நிரப்புங்கள். என் அனுபவம் ஒன்று போதும்.
6. 14 பேரும் வீட்டில் சொல்லிவிட்டு, பெயர், ரத்த வகை, வீட்டு எண் மூன்றையும் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்குமுன் குழுவில் படித்துக் காட்டினேன். புறப்படும் நேரத்தை 5.30 என்று மாற்றிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "ஜீப் போற நேரத்துல அடிவாரத்துல நின்னு பார்க்கலாமா அங்கிள்?" என்று கேட்டார். தாராளமாக. முந்தின இரவே போடிக்கு வந்து தங்கிவிடுங்கள். விடியற்காலையில் தேநீர்க் கடைப் பக்கம் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

— சி பிளாக்கிலிருந்து ஒரு போடிக்காரர்